சாக்பீஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்: வெளிநாட்டுப் பள்ளிக்கு வழிகாட்டியாகப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு

முதன்முறை வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போன மூன்றாவது நாளே நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஐந்தாம் வகுப்பு, பின்னக் கூட்டல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார் இளம் ஆசிரியை. ஒரு சிறுவன் எழுந்து "ஐந்தில் இரண்டு" என்றான். மேல் எண்ணைத் தனியாகவும் கீழ் எண்ணைத் தனியாகவும் கூட்டிவிட்டான்; எந்த நாட்டுப் பிள்ளையும் செய்கிற பிழைதான். ஆசிரியை "தவறு, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

முப்பத்தைந்து ஆண்டு கரும்பலகை முன் நின்ற கை சும்மா இருக்குமா? பயிற்று மொழி ஆங்கிலம் என்பதால் மொழித் தடையும் இல்லை. எழுந்து போய் சாக்பீஸை வாங்கினேன். ஒரு செவ்வகம் வரைந்து ஆறு கட்டங்களாகப் பிரித்தேன். அரை என்றால் மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்றால் இரண்டு கட்டம், ஆக மொத்தம் ஐந்து கட்டம். "ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவாயிற்றே, கூட்டினால் குறையுமா?" என்று கேட்டதும் வகுப்பே கலகலத்தது. எனக்கும் உள்ளூரப் பெருமை. மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் ஆசிரியை புன்னகையோடு சாக்பீஸை என்னிடம் நீட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவர் மறுபடி என் முன்னால் பாடம் நடத்த ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

"ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வாருங்கள்" என்ற அழைப்புக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கலாம். ஆள் இல்லாத வகுப்பில் நீங்களே பாடம் நடத்துவது ஒன்று. ஆசிரியர்களை மதிப்பிட்டு நிர்வாகத்துக்கு அறிக்கை தருவது இன்னொன்று. உண்மையான வழிகாட்டல் மூன்றாவது. முதல் இரண்டும் கெட்ட வேலைகள் அல்ல. ஆனால் அவற்றைச் செய்துகொண்டே மூன்றாவதையும் செய்ய முடியாது. காலையில் மதிப்பெண் போட்டவரிடம் மாலையில் யாரும் தன் குறையைச் சொல்லமாட்டார்.

ஒப்புக்கொள்வதற்கு முன் பள்ளியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்னைக் கேட்டது யார், ஆசிரியர்களா நிர்வாகமா? நான் வகுப்பில் எழுதும் குறிப்புகளை யார் படிப்பார்கள்? எனக்கு முன்பு இப்படி யாராவது வந்தார்களா, அவர்கள் போன பிறகு எது நிலைத்தது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கவனியுங்கள். நான் போன பள்ளியில் ஒரு பூட்டிய அலமாரி இருந்தது. சாவியைத் தேடவே இரண்டு நாள் பிடித்தது. திறந்தால், முன்பு வந்த தன்னார்வலர்கள் விட்டுச்சென்ற பிளாஸ்டிக் உறையிட்ட அட்டைகள், வண்ண வரைபடங்கள், நூல் அவிழாத பொட்டலங்கள். ஒன்றிலும் விரல் பட்ட தடம் இல்லை. அவற்றில் இருந்த படங்களும் சொற்களும் அந்தப் பாடநூலோடு எங்கும் ஒட்டவில்லை.

எந்த வழியாகப் போவது? பெரிய அமைப்புகள் சில இருக்கின்றன. பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. (Voluntary Service Overseas) என்ற தன்னார்வ அமைப்பு அனுபவமுள்ளவர்களை உள்ளூர் ஆட்களோடு இணைத்து வேலை செய்ய அனுப்புகிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தால் உருவானது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் உள்ளது. 1961இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோரில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே சேரலாம். அதில் மேல் வயது வரம்பு கிடையாது. இவை தவிர, பள்ளிகளோடு நேரடியாகத் தொடர்பு வைத்திருக்கும் அறக்கட்டளைகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் உண்டு. எது என்றாலும் ஒரு சோதனை போதும்: உங்கள் காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கேட்காமல், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து வாங்காமல், பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் விடும் அமைப்பை நம்பாதீர்கள். உங்களை இப்படி விடுகிறவர்கள் யாரையும் விடுவார்கள்.

காலம் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்துக்குக் குறைவாகப் போவதானால் போகாமலே இருக்கலாம். இரண்டு வாரத்தில் பயிலரங்கு நடத்தலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆசிரியரின் பழக்கம் ஒன்றுகூட இரண்டு வாரத்தில் மாறாது. அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள்: விளக்கவுரையும் செயல்விளக்கமும் மட்டும் கொண்ட பயிற்சி வகுப்பறைவரை போய்ச் சேருவது மிக அரிது, வகுப்பறையிலேயே கூட நின்று தொடர்ந்து உதவினால்தான் புதிய முறை நிலைக்கும்.

படி 2: காகிதங்களும் உடம்பும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்.

சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வப் பணி செய்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். சம்பளம் வாங்கவில்லையே என்ற வாதம் எடுபடாது. அந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நாடு திரும்பும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழுக்கும் நன்னடத்தைச் சான்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு தரும் சான்று, கேட்கக்கூடும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அந்த ஒரு முத்திரை போதும். சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டும்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை உயிருடன் இருப்பதற்கான சான்று தரவேண்டியிருந்தால், அந்தத் தேதி நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எங்கே, யார் முன்னால் கையெழுத்திடலாம் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவையுங்கள்.

உடம்பு விஷயத்தில் நம் வயதினருக்கென்று ஒரு குறிப்பு உண்டு. இளைஞர்களுக்காக எழுதப்பட்ட பயணக் கையேடுகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கின்றன. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் ஒரு முறை பெற்ற சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர் முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். பயண மருத்துவரிடம் வயதைச் சொல்லி முடிவெடுங்கள். ஊசி வேண்டாம் என்று அவர் முடிவுசெய்தால் அதற்கான மருத்துவக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாட மாத்திரைகளை அவற்றின் மருந்துப் பெயரோடு எழுதிய மருத்துவர் கடிதம் பையில் இருக்கட்டும். ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் இருமல் மருந்து இன்னொரு நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கலாம். காப்பீட்டில் வயது வரம்பையும், அவசரத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாத காப்பீடு இருந்தும் பயனில்லை.

படி 3: அவர்களுடைய பாடநூலைப் படியுங்கள்

கற்பித்தல் முறை பற்றிய புத்தகங்களை மூட்டை கட்டாதீர்கள். அந்தப் பள்ளி பயன்படுத்தும் பாடநூலையும், மாணவர்கள் எழுதப்போகும் பொதுத்தேர்வின் பழைய வினாத்தாள் ஐந்தையும் வரவழைத்துப் படியுங்கள். ஆசிரியர்கள் ஏன் இப்படி நடத்துகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வினாத்தாளிலேயே இருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. நமக்கு ஐயமின்றிச் சரியென்று தோன்றும் பல விஷயங்கள் வெறும் வழக்கங்கள்தான். உலகின் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவார்கள். மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். நீள்வகுத்தலில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதும் நாடுகள் உண்டு. இது தெரியாமல் போன நண்பர் ஒருவர் ஒரு ஆசிரியரின் பாடக்குறிப்பில் காற்புள்ளிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டார். பிறகு அவர் சொன்ன சரியான திருத்தங்களையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

பயிற்று மொழி ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டாம் மொழியாக இருக்கும் பள்ளிகள் ஏராளம். குழந்தையின் கல்வி தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953இலேயே வலியுறுத்தியது; நடைமுறை இன்னும் பல இடங்களில் வேறாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் நடுநடுவே பிள்ளைகளின் மொழிக்குத் தாவினால் அதைக் குறையாகக் குறிக்காதீர்கள். பெரும்பாலும் பாடம் புரிகிற இடமே அதுதான். நீங்களும் அந்த மொழியில் ஐம்பது சொற்களையாவது கற்றுக்கொண்டு போங்கள்: வணக்கம், நன்றி, உட்கார், ஏன், எப்படி, இன்னொரு முறை.

படி 4: முதல் இரண்டு வாரம் வாயை மூடியிருங்கள்

இதுதான் மிகக் கடினமான படி. ஆசிரியர் அறையில் உட்காருங்கள். ஒவ்வொருவர் பெயரையும் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். யார் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்கு ஒரு புத்தகம் என்று பாருங்கள். எழுபது பிள்ளைகளுக்கு இருபது புத்தகம் இருக்கும் அறையில் "குழு வேலை செய்யச் சொல்லலாமே" என்று அறிவுரை சொல்வதற்கு முன், அந்த அறையில் பெஞ்சுகளுக்கு இடையே நடக்க வழி இருக்கிறதா என்று ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்று செய்யலாம். முடிந்தால் செய்தே ஆகவேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வகுப்பில், முன்கூட்டியே அறிவித்து, நீங்கள் ஒரு பாடம் நடத்துங்கள். விருப்பமுள்ள ஆசிரியர்களைப் பின்னால் உட்கார்ந்து குறையெழுதச் சொல்லுங்கள். நான் நடத்தியபோது மணி அடித்த பிறகும் பாடம் முடியவில்லை. இடப்பக்கப் பிள்ளைகளை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். அதை அப்படியே ஒப்புக்கொண்டேன். மறுநாள் அவரே வந்து, "என் வகுப்புக்கும் ஒரு நாள் வாருங்கள்" என்றார். அழைத்தால் மட்டும் போகவேண்டும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

படி 5: முன்பேச்சு, பார்வை, பின்பேச்சு

வகுப்பைக் கவனிப்பதற்கான இந்த மூன்று கட்ட வழியின் வேர், 1950களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை. எளியது. பெரும்பாலோர் முதல் கட்டத்தைத் தவிர்த்துவிடுவதால்தான் கெடுகிறது.

முன்பேச்சுக்குப் பத்து நிமிடம் போதும். "இன்று நான் எதைப் பார்க்கட்டும்?" என்று ஆசிரியரிடமே கேளுங்கள். "எல்லாவற்றையும் பாருங்கள்" என்பார். விடாதீர்கள். "உங்களுக்கு நெடுநாளாக உறுத்துவது எது?" என்று கேட்டால், "பின்வரிசைப் பிள்ளைகள் பேசுவதே இல்லை" என்பது போல ஒன்று வெளியே வரும். அதை மட்டும் பாருங்கள்.

வகுப்பில் கருத்து எழுதாதீர்கள், எண்ணுங்கள். எனக்குப் பிடித்த கருவி ஒரு வெள்ளைத்தாள். அதில் பெஞ்சுகளைக் கட்டங்களாக வரைந்துகொள்வேன். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஒரு வகுப்பில் நாற்பத்தெட்டுக் கட்டங்கள், முப்பத்தேழு கோடுகள். பாடம் முடிந்ததும் தாளை ஆசிரியர் முன் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முதல் இரண்டு வரிசையில் முப்பத்தொன்று. சன்னல் பக்கம் ஆறு. பின்வரிசையில் ஒன்றுகூட இல்லை. "பேசமாட்டார்கள் என்று நினைத்தேன்," என்றார் மெதுவாக, "நான் கேட்கவே இல்லை." அடுத்த பாடத்தில் அவர் கரும்பலகையை விட்டு நகர்ந்து நடுவழியில் நின்று கேள்வி கேட்டார். நகருங்கள் என்று நான் சொல்லவில்லை.

எண்ணுவதற்கு வேறு பொருள்களும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நெட் ஃபிளாண்டர்ஸ் மூன்று விநாடிக்கொரு முறை வகுப்பில் யார் பேசுகிறார் என்று குறித்தார். வகுப்பு நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசுகிறார்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியரே பேசுகிறார் என்பது அவர் கண்டது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் உள்ள மௌனத்தை அளந்தார். சராசரியாக ஒரு விநாடிதான் இருந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இதற்கு அட்டை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டாம். என்னோடு வேலை செய்த ஒரு ஆசிரியர், கேள்வி கேட்டதும் சாக்பீஸால் தன் உள்ளங்கையை மூன்று முறை தட்டிக்கொள்வார். அவராகக் கண்டுபிடித்த உத்தி.

பின்பேச்சை அன்றே வைத்துக்கொள்ளுங்கள். நாள் கடந்தால் இருவருக்கும் மறந்துபோகும். "பாடம் நன்றாக இருந்தது, ஆனால்..." என்று தொடங்காதீர்கள். "ஆனால்" வந்ததும் முன்னே சொன்னது வெறும் மரியாதை என்று அவருக்குத் தெரிந்துவிடும். தாளை வைத்து, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். பிறகு காத்திருங்கள். மூன்று விநாடி நமக்கும் சேர்த்துத்தான். இறுதியில் அடுத்த முறை மாற்றிப் பார்க்க ஒரே ஒரு விஷயத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வேண்டாம். தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் குறிப்பேடு நம்மிடம் இருக்கும்வரை நாம் அவர் கண்ணுக்கு ஆய்வாளர்தான்.

ஒன்று கவனிக்கவேண்டும். வயதில் மூத்தவர், வெளிநாட்டவர், விருந்தாளி என்று மூன்று மரியாதையும் உங்களுக்குச் சேர்ந்து கிடைக்கும். நீங்கள் எது சொன்னாலும் "சரி" என்ற பதில் வரும். அந்தச் சரிக்கு உடன்பாடு என்று பொருள் கொள்ளாதீர்கள். "சரியா?" என்று கேட்பதற்குப் பதில், "நாளை இதை எந்த இடத்தில் செய்து பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் குழப்பமாக வந்தால் உங்கள் யோசனை அவருக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

படி 6: சங்கடமான மூன்று

ஒன்று, அடி. ஒரு நாள் உங்கள் கண் முன்னே ஒரு பிள்ளை அடிபடலாம். வகுப்பில் பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள். ஆகவே முதல் நாளே ஒரு விலக்கைச் சொல்லிவிடுங்கள்: பிள்ளைக்குத் தீங்கு நேர்வதைப் பார்த்தால் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்வேன். முன்பே சொல்லியிருந்தால் அது கடமை. பிறகு சொன்னால் காட்டிக்கொடுப்பதாகத் தோன்றும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏறத்தாழ எல்லா நாடுகளும் ஏற்றிருக்கின்றன. அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவைத்திருங்கள். அதே விதி உங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளோடு தனியறையில் இருக்காதீர்கள். அனுமதியின்றிப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இரண்டு, தலைமையாசிரியர் ஒரு மாலை தேநீர் கொடுத்து, "நம் ஆசிரியர்களில் யார் தேறுவார்?" என்று கேட்பார். பதில் சொன்னால் உங்கள் வேலை அன்றோடு முடிந்தது. "அவர்களையே கேட்டு, அவர்கள் காட்ட விரும்புவதை நாம் சேர்ந்து பார்க்கலாம்" என்று திருப்பிவிடுங்கள். இதை எழுத்திலேயே ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்று, பணம். கடன் கேட்பார்கள், கேட்பவர் பொய் சொல்லவும் மாட்டார். தனி ஆளுக்குத் தருவதில்லை என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவரின் வகுப்பில் நீங்கள் வேறு ஆளாக உட்கார்ந்திருப்பீர்கள்.

படி 7: இரண்டாம் மாதத்திலேயே கிளம்பத் தொடங்குங்கள்

இரண்டாம் மாதத்திலிருந்து தனித்தனியாகப் பார்ப்பதைக் குறைத்து, ஆசிரியர்களை இருவர் மூவராகச் சேர்த்துவிடுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் பாட ஆய்வு முறை இதற்கு ஏற்றது. நான்கைந்து ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது பிள்ளைகளை: யார் எந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டார், யார் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்டார் என்று. பாடம் எல்லோரும் சேர்ந்து செய்தது என்பதால் குறை வந்தாலும் நடத்தியவர் தலையில் விழாது. முதல் சுற்றில் நீங்கள் கூட இருங்கள். இரண்டாவதில் ஓரமாக இருங்கள். மூன்றாவது நடக்கும் நாளில் பள்ளி நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கால அட்டவணையில் இடம் பிடிக்காத எந்த நல்ல வழக்கமும் நீங்கள் போன அடுத்த வாரமே போய்விடும். ஆசிரியர்களின் மதிய இடைவேளையில் வைக்கச் சம்மதிக்காதீர்கள். அது அவர்கள் மூச்சுவிடும் நேரம்.

ஊர் திரும்பிய பிறகு மாதம் ஒரு முறை காணொளியில் பேசலாம். இணைப்பு சரியில்லாத இடமென்றால் குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். அழைப்பு அவர்களிடமிருந்து வரட்டும். நீங்களாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

இன்னும் ஒன்று, டிக்கெட் எடுப்பதற்கு முன். பள்ளியின் தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கடைசி இரண்டு வாரம் எல்லோரும் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இருப்பார்கள். அப்போது பின்னால் வந்து உட்காருகிறவரை யாருக்கும் பிடிக்காது. தேர்வு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கிளம்பும்படி தேதி போட்டுக்கொள்ளுங்கள்.